கோழி இல்லாத கோழிக்கறி: யாருக்குச் சொந்தம்?

பிடோக்கில் ஒரு 'கோழிப் பண்ணை' வருவதாக இருந்தது. அதில் கொக்கரிப்பு கேட்காது, இறகு பறக்காது, துர்நாற்றம் வீசாது. ஏனென்றால் அதில் கோழியே இருக்காது. 2022 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஈட் ஜஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த 'குட் மீட்', பிடோக் ஃபுட் சிட்டி வளாகத்தில் 30,000 சதுர அடியில் ஓர் ஆலைக்கான பணியைத் தொடங்கியது. 6,000 லிட்டர் கொள்ளளவுள்ள எஃகுக் கலனில் கோழியின் உயிரணுக்களை வளர்த்து இறைச்சியாக்குவது திட்டம். இத்தகைய ஆலைகளில் ஆசியாவிலேயே ஆகப் பெரியது இதுதான், 2023 தொடக்கத்தில் திறக்கப்படும், 50க்கும் மேற்பட்ட ஆய்வாளர்களும் பொறியாளர்களும் வேலை செய்வார்கள் என்றெல்லாம் அப்போது அறிவிக்கப்பட்டது.

2023 போனது. 2024 மார்ச் மாதம் வந்த செய்தி வேறு. நிறுவனம் சிங்கப்பூரில் உற்பத்தியை நிறுத்தி வைத்திருந்தது. பிடோக் ஆலை திறக்கப்படவில்லை.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவு அறிவியல் படிக்கும் மாணவன் நான். வீடு பிடோக் நார்த்தில். வளர்ப்பு இறைச்சி பற்றி வகுப்பில் பேச்சு வந்தால் இரண்டு கேள்விகள்தான் முதலில் எழும்: சுவை எப்படி இருக்கும்? சாப்பிடுவது பாதுகாப்பா? மூன்றாவது கேள்வி அரிதாகவே வரும். அந்த இறைச்சி யாருக்குச் சொந்தம்? கோழி வளர்த்தவரின் பிழைப்பும், கோழி வாங்கித் தின்னும் ஊரின் பாதுகாப்பும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

ஒரு பசியில் பிறந்த யோசனை

இறைச்சியை விலங்கிலிருந்து பிரித்து வளர்க்கலாம் என்று வெகுகாலம் முயன்றவர்களில் ஒருவர் வில்லெம் வான் ஈலன். நெதர்லாந்துக்காரர். இரண்டாம் உலகப் போரின்போது இன்றைய இந்தோனீசியாவில் ஜப்பானியரிடம் போர்க் கைதியாக இருந்து பட்டினியை நேரில் அறிந்தவர். 1990களில் இதற்குக் காப்புரிமை கோரி, பின்னர் பெற்றார். 2015ல் அவர் மறைந்தார். 2017ல் அந்தக் காப்புரிமையை வாங்கிய நிறுவனம்தான் பின்னாளில் பிடோக்கில் ஆலை கட்ட வந்தது. ஒரு கைதியின் பசியிலிருந்து பிறந்த யோசனை ஒரு நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் போய்ச் சேர்ந்துவிட்டது.

இடையில், 2013 ஆகஸ்ட் மாதம் லண்டனில் டாக்டர் மார்க் போஸ்ட் உலகின் முதல் வளர்ப்பு மாட்டிறைச்சி பர்கரை அறிமுகப்படுத்தினார். அந்த ஒரு பர்கருக்கு ஏறத்தாழ 250,000 யூரோ செலவானது.

விற்பனைக்கு முதல் அனுமதி கொடுத்த நாடு சிங்கப்பூர். 2020 டிசம்பரில் சிங்கப்பூர் உணவு அமைப்பு குட் மீட் கோழி இறைச்சிக்கு ஒப்புதல் அளித்தது. அதே மாதம் ராபர்ட்சன் கீயில் அப்போது இருந்த 1880 மன்றத்தின் உணவகத்தில் அது பரிமாறப்பட்டது. பிறகு ஓரிரு உணவங்காடிக் கடைகளிலும், 2023ல் ஹியூபர்ஸ் உணவகத்திலும் சில காலம் கிடைத்தது.

2024 மே மாதம் அதே ஹியூபர்ஸ் கடையின் உறைபெட்டியில் 'குட் மீட் 3' வந்தது. 120 கிராம் பொட்டலத்தின் விலை 7.20 வெள்ளி. பெயரில் இருக்கும் 3 என்பது அதிலுள்ள வளர்ப்புக் கோழி இறைச்சியின் விழுக்காடு. மீதி பெரும்பாலும் தாவரப் புரதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 கிராமில் கோழி உயிரணு 3.6 கிராம்தான். அந்தக் காசுக்கு உறைந்த முழுக்கோழி ஒன்றையே வாங்கிவிடலாம்.

நமக்கு ஏன் இந்த அவசரம்?

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதை நாம் மறந்திருக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு நம் கோழி இறக்குமதியில் சுமார் 34 விழுக்காடு அங்கிருந்துதான் வந்தது. மாதத்துக்கு 3.6 மில்லியன் கோழிகள் அங்கிருந்து வெளிநாடு போகாமல் தடுக்கப்பட்டன. கோழிச்சோற்றுக் கடைகள் கவலையில் ஆழ்ந்தன. பிடோக் ஆலைக்கான தொடக்க விழா நடந்ததும் அதே மாதத்தில்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு அமைச்சரவை முடிவெடுத்தால் இந்தப் பக்கம் கோழி இல்லை என்றால், இங்கேயே கலனில் வளர்ப்பது நல்ல யோசனையாகத்தான் தோன்றும்.

ஆனால் சிங்கப்பூர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. லிட்டில் இந்தியாவின் தொடக்கக் கதையே கால்நடைதான். 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலையை ஒட்டித் தண்ணீரும் மேய்ச்சலும் இருந்ததால் மாட்டு வணிகம் செழித்தது. அதில் வேலை தேடி இந்தியர்கள் வந்து குடியேறினார்கள். அந்த வட்டாரத்துக்கு மலாயில் 'கண்டாங் கெர்பாவ்' என்று பெயர். எருமைத் தொழுவம் என்று பொருள். நம்மில் பலர் பிறந்த கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் பெயரில் இருக்கும் இரண்டு எழுத்துகளும் அந்தத் தொழுவத்தைத்தான் குறிக்கின்றன. தேக்காவில் எருமைச் சாலை இன்றும் இருக்கிறது, எருமைதான் இல்லை.

நகரம் வளர்ந்தது, மாடுகள் வெளியேறின. 1984ல் பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூட அரசு முடிவெடுத்தது. கழிவு நீர் மாசு ஒரு காரணம். நிலத்தையும் நீரையும் வேறு வேலைக்குப் பயன்படுத்தி, இறைச்சியை வெளியில் வாங்குவது மலிவு என்பது இன்னொரு காரணம். அன்றைய கணக்கில் அது சரிதான். ஆனால் உணவு வாங்கக் கிடைப்பது ஒன்று, உணவு நம் கையில் இருப்பது இன்னொன்று என்பதை 2022 நினைவூட்டியது.

கலனுக்குள் என்ன நடக்கிறது?

உரிமை பற்றிப் பேச, செய்முறை கொஞ்சம் தெரிய வேண்டும். விலங்கிடமிருந்தோ முட்டையிலிருந்தோ எடுத்த உயிரணுக்களில், தொடர்ந்து பெருகக்கூடிய ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து உறைநிலையில் சேமிக்கிறார்கள். இதை உயிரணு வங்கி என்கிறோம். தேவைப்படும்போது சிறிது எடுத்து, அமினோ அமிலம், சர்க்கரை, உப்பு, வைட்டமின், வளர்ச்சிக் காரணிகள் கலந்த ஊட்டக் கரைசலில் விடுகிறார்கள். வெப்பம், உயிர்வளி, அமிலத்தன்மை எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட எஃகுக் கலனில் அவை பெருகுகின்றன. பீர் காய்ச்சும் கலன்களைப் பார்த்திருந்தால், தோற்றம் ஏறக்குறைய அப்படித்தான். தொடக்கத்தில் கரைசலில் மாட்டுக் கருவின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் சேர்க்கப்பட்டது. அது இல்லாத முறைக்கு 2023 ஜனவரியில் குட் மீட் இங்கு ஒப்புதல் பெற்றது.

ஆக, இந்தத் தொழிலில் மூன்று சொத்துகள் உண்டு. உயிரணு வரிசை, கரைசலின் கலவை, கலனும் அதை இயக்கும் முறையும். மூன்றையும் காப்புரிமையாலோ தொழில் இரகசியத்தாலோ பூட்டி வைக்கலாம். குட் மீட்டின் கோழி உயிரணு, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு வரிசையிலிருந்து வந்தது. பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, நிறுவனத்தின் உறைகலனுக்குள் முடிந்தது.

மாமாவின் கொட்டகையில் கோழி யாருடையது?

இதைக் கேட்டதும் "ஐயோ, விவசாயியிடமிருந்து கோழியைப் பறித்துவிட்டார்களே" என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. காரணம் என் தாய்மாமன்.

மாமாவுக்குத் தமிழ்நாட்டில் பல்லடம் பக்கம் கோழிக் கொட்டகை இருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் போனால் ஆயிரக்கணக்கான வெள்ளைக் கோழிகள். ஆனால் அவற்றில் ஒன்றுகூட மாமாவுடையது இல்லை. ஒருநாள் வயதுக் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் இறக்கிவிட்டுப் போகும். கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பும் தென்னை நார்த்தூள், இரவு பகல் பாராத உழைப்பு ஆகியவை மாமாவின் பொறுப்பு. சுமார் 40 நாளில் நிறுவன வண்டி வந்து கோழிகளை எடை போட்டு ஏற்றிப் போகும். எடைக்கு ஏற்றபடி வளர்ப்புக் கூலி கிடைக்கும். "வீட்டுக்கு விருந்தாளி வந்தா கறிக்கடையிலதான் கண்ணு வாங்கறோம்" என்று அத்தை சிரித்துக்கொண்டே சொல்வார்.

இந்த ஒப்பந்தப் பண்ணை முறை கொங்கு மண்டலத்தில் வேரூன்றியது 1990களில். உடுமலைப்பேட்டையில் 1984ல் தொடங்கிய சுகுணா நிறுவனம் அதன் முன்னோடி. அதில் நல்லதும் உண்டு. கோழி விலை திடீரென்று சரிந்தால் நட்டம் நிறுவனத்துக்கு, விவசாயிக்குக் கூலி வந்துவிடும். மழை பொய்த்த பூமியில் பல குடும்பங்கள் நிமிர்ந்தது இந்தக் கூலியால்தான். ஆனால் கூலி எவ்வளவு என்பதை மாமா தீர்மானிப்பதில்லை.

நிறுவனத்துக்கும் மேலே ஓர் அடுக்கு உண்டு. உலகெங்கும் வளர்க்கப்படும் கறிக்கோழிகளின் மூதாதை இனங்களில் பெரும்பகுதி காப், ஏவியாஜென் என்ற இரண்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. காப் நிறுவனம் அமெரிக்க இறைச்சிப் பெருநிறுவனமான டைசனுக்குச் சொந்தம். அதே டைசன் வளர்ப்பு இறைச்சித் தொழிலிலும் முதலீடு செய்திருக்கிறது. தானிய வணிகப் பெருநிறுவனமான கார்கிலும் அப்படியே.

கோழியைப் பொறுத்தவரை, உரிமை விவசாயியின் கையைவிட்டு முன்பே போய்விட்டது. இறைச்சி கலனுக்குப் போனால் போவது கோழி அல்ல, கூலி. மாமாவின் கொட்டகையும் அதற்கு வாங்கிய கடனும் மட்டும் அவரிடமே மிஞ்சும்.

அம்மிச்சியின் ஆடு சொல்லும் பாடம்

அதே ஊரில் அம்மிச்சி ஆடு வளர்க்கிறார். அவர் முதல் ஆட்டை விலை கொடுத்து வாங்கவில்லை, வாரத்துக்குப் பிடித்தார். அதாவது பெட்டையாடு வேறொருவருடையது, வளர்ப்பவர் இவர். ஈனும் குட்டிகளில் இருவருக்கும் பங்கு. இரண்டு மூன்று ஈற்றில் அம்மிச்சிக்குச் சொந்தமாக நான்கைந்து ஆடுகள் சேர்ந்துவிட்டன. பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்தால் ஒன்றை விற்றுவிடுவார். கையில் காசில்லாதவரும் உழைப்பை மட்டும் போட்டுச் சொத்துக்காரர் ஆக ஒரு வழி அது.

இந்தியாவின் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் 14.8 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளாடுகள் இருக்கின்றன. இவை பெரும்பாலும் சிறு விவசாயிகள், நிலமற்றோர் வீடுகளில் வளர்பவை. தமிழக அரசு 2011ல் ஏழைப் பெண்களுக்கு விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியதும் இந்தக் கணக்கில்தான். பணம் கொடுத்தால் செலவாகிவிடும், ஆடு கொடுத்தால் பெருகும்.

ஆடு இறைச்சி மட்டும் தருவதில்லை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவார்கள். இரவெல்லாம் ஆடுகள் அங்கே அடைந்திருந்தால் நிலத்துக்கு உரம். அதற்கு நிலக்காரர் கூலி கொடுப்பார். தோல் தோல் பதனிடும் தொழிலுக்குப் போகும். இறைச்சி விலை விழுந்தால் இந்தச் சங்கிலி முழுவதும் தளரும்.

உயிரணுவும் ஆட்டைப்போலவே பெருகும் பொருள்தான். ஆட்டைவிட வேகமாகவே பெருகும். ஆனால் அங்கே வாரம் கிடையாது. பெருகுவதில் வளர்ப்பவருக்குப் பங்கு இல்லை. முழுவதும் உரிமம் வைத்திருப்பவருக்கே. என் பார்வையில், விலங்கை நம்பிய பொருளாதாரத்துக்கும் கலனை நம்பிய பொருளாதாரத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

பயம் எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு?

நாளைக்கே அம்மிச்சியின் ஆட்டுக்கு ஆபத்து என்று நான் சொல்லமாட்டேன். எலும்போடும் கொழுப்போடும் கூடிய ஆட்டுக்கறியைக் கலனில் உருவாக்குவது மிகக் கடினம். அரைத்துப் பொடித்துச் செய்யும் கோழித் துண்டு, நகெட் போன்றவற்றில்தான் இது முதலில் நுழையும். அவை பெரும்பண்ணைக் கோழியை நம்பியவை. எனவே முதல் அடி விழுந்தால் அது மாமாவைப் போன்ற ஒப்பந்த விவசாயிகள் மீதுதான் விழும்.

அந்த அடியும் விரைவில் விழும் என்று தெரியவில்லை. வளர்ப்பு இறைச்சித் துறைக்கு 2021ல் உலக அளவில் ஏறத்தாழ 1.4 பில்லியன் அமெரிக்க டாலர் முதலீடு வந்தது. 2024ல் வந்தது சுமார் 140 மில்லியன். பத்தில் ஒரு பங்கு! இத்தாலி 2023ல் இந்த இறைச்சிக்குத் தடை போட்டது. 2024ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா, அலபாமா மாநிலங்களும் தடை விதித்தன. பண்ணையாளர்களைக் காப்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இங்கு சந்தியா ஸ்ரீராம், லிங் கா யி இருவரும் 2018ல் தொடங்கி, இறால் உயிரணு வளர்ப்பில் பெயர் பெற்ற ஷியோக் மீட்ஸ், 2024ல் உமாமி பயோவொர்க்ஸ் நிறுவனத்துடன் இணைந்தது.

மறுபக்கமும் உண்டு. 2024 பிப்ரவரியில் முயிஸ், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு வளர்ப்பு இறைச்சியை முஸ்லிம்கள் உண்ணலாம் என்று சமயத் தீர்ப்பு வழங்கியது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் வாவ் நிறுவனத்தின் காடை இறைச்சிக்கு இங்கு அனுமதி கிடைத்தது. பறவைக் காய்ச்சல் வந்து இலட்சக்கணக்கான கோழிகளை அழிக்கும் நிலை கலனுக்கு வராது. மேய்ச்சல் நிலமே இல்லாத தீவுக்கு இது பெரிய ஈர்ப்பு.

ஆனால் சார்பு தீர்ந்துவிடுமா? கோழிக்குப் பதில் அமினோ அமிலமும் சர்க்கரையும் இறக்குமதியாகும். அவையும் எங்கோ ஒரு சோள வயலிலிருந்தும் சோயா வயலிலிருந்தும்தான் வரும். உயிரணுவுக்கான உரிமமும் வெளியிலிருந்தே வரும். ஜோகூர் பண்ணையை நம்புவதற்குப் பதில், வெளிநாட்டு முதலீட்டாளர்களின் பொறுமையை நம்புவோம். அந்தப் பொறுமை நீடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிடோக் ஒரு சிறு ஒத்திகை. மண்ணில் வளர்வதும் எளிதன்று என்பதையும் சொல்லவேண்டும். 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்பது என்ற இலக்கை 2025 நவம்பரில் அரசாங்கம் மாற்றியமைத்தது. இப்போதைய இலக்கு 2035க்கானது.

வேறு வழி உண்டா?

உண்டு. நம் வரலாற்றிலேயே உண்டு. 1973ல் பணவீக்கத்தால் அரிசி விலை ஏறியபோது, தொழிற்சங்கங்கள் 'என்டியுசி வெல்கம்' என்ற கூட்டுறவுக் கடையைத் தோ பாயோவில் திறந்தன. அதுவே இன்றைய ஃபேர்பிரைஸ். இந்தியாவில் 1946ல் தொடங்கிய அமுல், தமிழ்நாட்டின் ஆவின் ஆகியவை ஓரிரு மாடு வைத்திருப்பவரையும் உறுப்பினராக்கின. பதப்படுத்தும் ஆலை பெரிதாக இருந்தாலும் அதன் உரிமை பரவலாக இருக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

நெதர்லாந்தில் ரெஸ்பெக்ட்ஃபார்ம்ஸ் என்ற குழு, வளர்ப்பு இறைச்சிக் கலனை விவசாயியின் பண்ணையிலேயே அமைக்க முயல்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வான் ஈலனின் மகள் ஈரா வான் ஈலன். மாட்டை வைத்திருப்பவரே கலனையும் வைத்திருந்தால், புதிய தொழில்நுட்பம் அவருக்கு எதிரியாகாது என்பது அவர்கள் வாதம். இன்னொரு வழி, பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வில் உருவாகும் உயிரணு வரிசைகளையும் கரைசல் கலவைகளையும் எல்லாரும் பயன்படுத்தும்படி திறந்து வைப்பது.

உணவு அறிவியல், உயிர்த்தொழில்நுட்பம், பொருளியல், சட்டம் என்று எந்தத் துறையை நீங்கள் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கேள்வி ஒருநாள் உங்கள் மேசைக்கு வரும். வேலைவாய்ப்புக் கண்காட்சியில் இந்தத் துறை நிறுவனம் ஒன்றின் முகப்பில் நின்றால், சம்பளத்தோடு மூன்றைக் கேளுங்கள். உயிரணு வரிசை யாருடையது? மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? நிறுவனம் நாளை மூடினால் இந்தக் கலனை வேறு யாராவது இயக்க முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு "முடியும்" என்று பதில் சொல்லக்கூடிய ஆலைதான் உண்மையில் சிங்கப்பூரின் ஆலை. அப்படி ஒன்று பிடோக்கில் எழுந்தால் முதல் வாடிக்கையாளராக வரிசையில் நிற்க நான் தயார். அதுவரை மாமாவிடம் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கொட்டகையின் ஓரத்தில் சொந்தமாக நான்கு ஆடு கட்டி வையுங்கள்.